'மாண்டரின் தெரிந்தவர்கள் மட்டும்': வேலையிட நியாயச் சட்டம் உங்களுக்கு எதைத் தரும், எதைத் தராது?

வேலை தேடும் செயலியில் ஒரு விளம்பரம் பார்க்கிறீர்கள். அலுவலக நிர்வாக வேலை. சம்பளம் பரவாயில்லை, எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம். கடைசி வரியில் இப்படி ஒரு நிபந்தனை: மாண்டரின் பேசும் சகாக்களுடன் தொடர்புகொள்ள வேண்டியிருப்பதால் மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்.

நம்மில் பலர் அதைப் படித்ததும் அப்படியே ஸ்க்ரோல் பண்ணிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போயிடுவோம். அந்த வேலைக்கு மாண்டரின் உண்மையிலேயே தேவையா, இல்லை இது 'உங்களை எடுக்க மாட்டோம்' என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்வதா என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அந்த நிறுவனத்துக்குச் சட்டப்படி இருந்ததில்லை.

அது மாறப்போகிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. சர்ச்சைகளை எப்படித் தீர்ப்பது என்பதைச் சொல்லும் இரண்டாவது மசோதா அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. இரண்டும் சேர்ந்து 2027ஆம் ஆண்டு இறுதியில் நடப்புக்கு வரும் என்று மனிதவள அமைச்சு கூறியிருக்கிறது. இப்போது பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டிருக்கும் பலர் முதல் முழுநேர வேலைக்குப் போகும் நேரத்தில் இந்தச் சட்டம் இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடுவோம்.

உறுதிமொழி இருக்கே, தனிச் சட்டம் எதுக்கு?

பள்ளியில் தினமும் காலையில் சொன்ன தேசிய உறுதிமொழி உங்களுக்கு மனப்பாடம். இனம், மொழி, சமயம் என்ற மூன்றும் அதில் வரும். 1966ல் அதை வரைந்த எஸ். ராஜரத்னம் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். ஆனால் உறுதிமொழி என்பது லட்சியம். அதை வைத்துக்கொண்டு யார்மீதும் புகார் கொடுக்க முடியாது.

அரசமைப்புச் சட்டம்? அதன் 12ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டிக் குடிமக்களைப் பாகுபடுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தப் பாதுகாப்பு சட்டங்களுக்கும் அரசாங்க அமைப்புகளின் வேலை நியமனங்களுக்கும் பொருந்தும். தோ பாயோவில் இருக்கும் ஒரு தனியார் கணக்கியல் நிறுவனம் உங்கள் பெயரைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தால், 12ஆவது பிரிவு அங்கே வந்து நிற்காது. பட்டியலில் மொழியும் இல்லை, பாலினமும் இல்லை, வயதும் இல்லை.

சில தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. கர்ப்பிணி ஊழியரைப் போதிய காரணமின்றி வேலையைவிட்டு நீக்கக்கூடாது. ஓய்வுபெறும் வயதுக்கு முன்னால் வயதைக் காரணம் காட்டி வெளியேற்றக்கூடாது. இவை எல்லாம் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. இனத்தாலோ மொழியாலோ வேலையே கிடைக்காமல் போனவருக்கு என்ன வழி என்ற கேள்வி அப்படியே நின்றது.

சொல்லித் திருத்திய காலம்

இதையெல்லாம் அரசாங்கம் இத்தனை நாள் கண்டுகொள்ளவே இல்லை என்று சொன்னால் அது சரியாக இருக்காது. 2006ல் ஒரு முத்தரப்புக் கூட்டணி அமைக்கப்பட்டது. நீளமான பெயர் கொண்ட அந்த அமைப்பை எல்லாரும் 'டாஃபெப்' என்றுதான் சொல்வார்கள். அரசாங்கம், தொழிற்சங்கங்கள், முதலாளிகள் என மூன்று தரப்பும் சேர்ந்தது என்பதால் முத்தரப்பு. அடுத்த ஆண்டே நியாயமான வேலை நடைமுறைகளுக்கான வழிகாட்டி வெளிவந்தது. தகுதியைப் பார்த்து ஆள் எடுங்கள், விண்ணப்பப் படிவத்தில் தேவையில்லாமல் வயது, இனம், சமயம், திருமண நிலை கேட்காதீர்கள், புகைப்படம் கேட்காதீர்கள், மொழி வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று விளம்பரத்திலேயே சொல்லுங்கள். எல்லாமே நல்ல யோசனைகள்.

நிறுவனம் கேட்காவிட்டால்? மனிதவள அமைச்சின் கையில் ஒரு பெரிய சாட்டை இருந்தது: வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதி. வழிகாட்டியை மீறும் நிறுவனம் புதிய வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். வெளிநாட்டவர்களை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு அது நெஞ்சுவலி வரவைக்கிற தண்டனை. ஆனால் உள்ளூர் ஊழியர்களை மட்டுமே வைத்து நடக்கும் நிறுவனத்துக்கு அது ஒரு கொசுக்கடி. இன்னொன்று, நிறுவனத்துக்குத் தண்டனை கிடைத்தாலும் வேலை கிடைக்காமல் போனவருக்கு ஒரு காசும் வராது. புகார் கொடுத்தவருக்கு மிஞ்சியது, தப்பைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி மட்டும்தான்.

அந்த முறையால் பலன் இல்லாமல் இல்லை. மனிதவள அமைச்சின் ஆய்வுகளின்படி, வேலை தேடும்போது பாகுபாட்டை எதிர்நோக்கியதாகச் சொன்னவர்கள் 2018ல் சுமார் 43 விழுக்காடு. 2022ல் அது 24 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. வேலையில் இருப்பவர்களிடம் கேட்டபோது 24 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுச் சொச்சத்துக்கு இறங்கியது.

இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே போனவர்களைவிட வாசலில் நிற்பவர்கள்தான் மூன்று மடங்கு அதிகமாகப் பாகுபாட்டைச் சொல்கிறார்கள். வாசலில் நிற்பவருக்குத் தொழிற்சங்கம் இல்லை, மனிதவளப் பிரிவு இல்லை, 'உனக்கு என்ன ஆச்சு' என்று கேட்கும் சக ஊழியர்கூட இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் உதவி கேட்கவும் இல்லை. கேட்டால் தன்மீது முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம்.

2021ல் காற்று திசை மாறியது

அரசாங்கம் நீண்ட காலமாகச் சட்டம் போடத் தயங்கியதற்கு ஒரு காரணம் சொன்னது. எதற்கெடுத்தாலும் வழக்குப் போடும் கலாசாரம் வந்துவிட்டால் முதலாளி, ஊழியர் உறவு கெட்டுப்போகும் என்பதே அது. 2021 ஆகஸ்ட் 29ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அந்த நிலையை மாற்றினார். டாஃபெப் வழிகாட்டிக்குச் சட்ட வலிமை கொடுக்கப்படும் என்று அறிவித்தார். பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரியும் முஸ்லிம் தாதியர் அந்த ஆண்டு நவம்பரிலிருந்து சீருடையுடன் தலைத்துணி அணியலாம் என்ற அறிவிப்பும் அதே உரையில்தான் வந்தது.

ஏன் அந்த நேரத்தில்? வெளிநாட்டு நிபுணர்களோடு போட்டிபோட வேண்டியிருக்கிறதே என்ற உள்ளூர் மக்களின் மனக்குறை அப்போது உச்சத்தில் இருந்தது. அந்தக் கோபத்தில் கொஞ்சம் இந்தியர்கள்மீதும் தெறித்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களிடம் 'நீங்க எப்போ வந்தீங்க' என்று கேட்ட காலம் அது. ஆக, சட்டத்துக்கு முதல் தள்ளு கொடுத்தது நாட்டுரிமை பற்றிய விவாதம்தான். இனம், மொழி, தாய்மை, மனநலம் எல்லாம் அதே வண்டியில் ஏறிக்கொண்டன. எது முதலில் தள்ளியது என்பது வரலாற்றுக்கு. நமக்கு வண்டி வந்ததா என்பதுதான் முக்கியம்.

முத்தரப்புக் குழு ஒன்று இரண்டு ஆண்டு உட்கார்ந்து பேசி 2023 ஆகஸ்ட்டில் இறுதி அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இப்போதைய சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சில அம்சங்களைக் காரணமாக வைத்து ஒருவருக்குப் பாதகமான முடிவை எடுக்கக்கூடாது. அந்த அம்சங்கள்: வயது, நாட்டுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித் திறன், உடற்குறை, மனநலப் பிரச்சினை. டாஃபெப்பும் அமைச்சும் பெறும் பாகுபாட்டுப் புகார்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் இவற்றுக்குள் அடங்கிவிடும் என்று அமைச்சு சொல்கிறது. பாலியல் நாட்டமும் பாலின அடையாளமும் பட்டியலில் இல்லை. அது தற்செயலாக விடுபட்டதல்ல, விவாதித்தே விடப்பட்டது.

முடிவு என்றால் ஆள் எடுப்பது மட்டும் இல்லை. வேலைத்திறன் மதிப்பீடு, பயிற்சிக்கு அனுப்புவது, பதவி உயர்வு, பணிநீக்கம், ஆட்குறைப்பு எல்லாம் சேரும். ஆனால் அன்றாட உரசல்கள் இதில் வராது. குழுவில் உங்களை மதிய உணவுக்குக் கூப்பிடவில்லை, கூட்டத்தில் திடீரென்று எல்லாரும் மாண்டரினுக்கு மாறிவிட்டார்கள், உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட முயற்சி செய்யவில்லை. இதெல்லாம் மனதை அரிக்கும்தான். ஆனாலும் இந்தச் சட்டத்தின்கீழ் அது கோரிக்கையாகாது. நிறுவனம் எடுத்த ஒரு முடிவைக் காட்ட வேண்டும்.

மொழிக்கு வருவோம்

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சட்டத்தில் மிக முக்கியமான சொல் 'மொழித் திறன்' என்றுதான் நான் நினைக்கிறேன். இனத்தைச் சொல்லி நேரடியாக விளம்பரம் போடும் துணிச்சல் இன்று யாருக்கும் இல்லை. மொழி அப்படியில்லை. அது பார்க்க நியாயமான தகுதி மாதிரி இருக்கும். எக்செல் தெரிந்திருக்க வேண்டும், மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும், ஒன்றுக்குக் கீழ் ஒன்று எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதானே தெரியும்?

புதிய சட்டத்தின் அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்த வேலையைச் செய்ய அது உண்மையிலேயே தேவையா? சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு மாண்டரின் தேவை. தமிழாசிரியருக்குத் தமிழ் தேவை. மலாய் ஆவணங்களை மொழிபெயர்ப்பவருக்கு மலாய் தேவை. இதையெல்லாம் யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. இந்தச் செய்தித் தளத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தமிழ் தெரியுமா என்று கேட்காமல் எப்படி எடுப்பது?

சிக்கல் நடுவில் இருக்கும் வேலைகளில். மூத்த வாடிக்கையாளர்கள் அதிகம் வரும் அக்கம்பக்க மருந்துக்கடை. வருகிறவர்களில் பாதிப்பேர் ஆங்கிலம் பேசாதவர்கள் என்றால், கவுண்டரில் நிற்பவருக்கு மாண்டரின் வேண்டும் என்பதை நடுவர் மன்றம் ஏற்கக்கூடும். அதே கடையின் பின்கட்டில் கணக்கு எழுதுபவருக்கு? விநியோக நிறுவனங்கள் அனுப்பும் பில் ஆங்கிலத்தில், கணினி ஆங்கிலத்தில், வரித் துறைக்குப் போவது ஆங்கிலத்தில். 'சகாக்களுடன் பேச' என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்றால், முதலாளிக்கு அதை நியாயப்படுத்துவது கஷ்டம். அங்கேயும்கூட, தைவானில் இருக்கும் விநியோகஸ்தரிடம் தினமும் போனில் பேசுவது அவருடைய வேலை என்றால் கதை மாறும். ஆகவே வேலையின் பெயரைப் பார்க்காதீர்கள். அந்த ஆள் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்வார் என்பதைப் பாருங்கள்.

சட்டம் விட்டுவைத்த ஓட்டை ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. இது நேரடிப் பாகுபாட்டை மட்டும்தான் தடுக்கிறது. மறைமுகப் பாகுபாடு என்று ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் விதி, ஆனால் ஒரு பிரிவினரை மட்டும் அதிகம் பாதிக்கும். உதாரணமாக, எல்லா ஊழியரும் எல்லா வெள்ளிக்கிழமை மதியமும் கட்டாயம் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்ற விதி, தொழுகைக்குப் போகும் முஸ்லிம் ஆண்களை மட்டும் இடிக்கும். பிரிட்டன் 1976லேயே இந்த மறைமுகப் பாகுபாட்டைத் தன் இன உறவுச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. சிங்கப்பூர் சட்டம் இப்போதைக்கு அதைத் தொடவில்லை. முதலாளிகளுக்குத் தெளிவு வேண்டும், படிப்படியாகப் போவோம் என்பது அரசாங்கத்தின் வாதம். மொழி மட்டும் தனி அம்சமாகவே பட்டியலில் ஏறியதால் நமக்கு அந்த ஒரு ஓட்டை ஓரளவு அடைபட்டிருக்கிறது. பட்டியலில் மொழி இல்லாமல் இனம் மட்டும் இருந்திருந்தால், 'நாங்க இந்தியர் வேண்டாம்னு சொல்லலையே, மாண்டரின் வேணும்னுதானே சொன்னோம்' என்று நிறுவனம் எளிதாகத் தப்பித்திருக்கும்.

யாருக்கெல்லாம் விதிவிலக்கு?

25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் இந்தச் சட்டம் பொருந்தாது. சிறு முதலாளிகளிடம் தனி மனிதவளப் பிரிவு இருக்காது, பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பது காரணம். அப்படி விட்டாலும் ஊழியர்களில் சுமார் 75 விழுக்காட்டினர் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அப்போ மீதி 25 விழுக்காடு? நால்வரில் ஒருவர். முதல் வேலைக்குப் போகும் இளையர்கள், பகுதிநேரம் பார்க்கும் மாணவர்கள் நிறையப் பேர் சிறு கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும்தான் தொடங்குகிறார்கள். தவிர, பாகுபாட்டை வாய்விட்டுச் சொல்லும் முதலாளியைப் பெரிய வங்கியில் பார்ப்பது அரிது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளியே நேர்காணல் நடத்துவார், 'எங்க டீம் எல்லாம் சைனீஸ், உனக்குக் கஷ்டமா இருக்கும்' என்று அக்கறையோடு சொல்வார். எனக்கு இந்த விதிவிலக்கு சட்டத்தின் மிகப் பலவீனமான பகுதியாகத் தெரிகிறது. சிறு நிறுவனங்கள் அதுவரை டாஃபெப் வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமய அமைப்புகள் தங்கள் சமயத்தைச் சேர்ந்தவர்களை எடுக்கலாம். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் உடற்குறையுள்ளவர்களுக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். சிங்கப்பூரர்களையும் நிரந்தரவாசிகளையும் மற்றவர்களுக்கு முன்னால் வைக்கலாம். உடற்குறையுள்ளவருக்கு ஏற்ப வேலையிடத்தை மாற்றித் தர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் மட்டும் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவரைப் பாகுபடுத்தக்கூடாது, ஆனால் சாய்தளம் கட்டித் தரச் சொல்லிச் சட்டம் வற்புறுத்தாது.

பிரச்சினை வந்தால் எங்கே போவது?

முதலில் நிறுவனத்துக்குள்ளேயே. ஒவ்வொரு நிறுவனமும் ஊழியர் மனக்குறையை விசாரிக்க ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும், புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றச்சாட்டு. வேலையைவிட்டு நீக்குவது, சம்பளத்தைப் பிடிப்பது, தொந்தரவு கொடுப்பது எல்லாம் பழிவாங்கலில் சேரும்.

அங்கே தீரவில்லை என்றால் அடுத்தது சமரசம். இதைத் தாண்டித்தான் எல்லாரும் போக வேண்டும். சமரசத்திலும் முடியாதவை வேலை நியமனக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகும். சம்பளப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் அதே மன்றம்தான். விசாரணை மூடிய அறையில் நடக்கும், வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. கேள்விகளைக் கேட்டு விஷயத்தை வெளியே கொண்டுவரும் வேலையில் நீதிபதியே பெரும்பங்கு எடுத்துக்கொள்வார்.

வழக்கறிஞர் இல்லாதது நல்லதா கெட்டதா? பணமில்லாத ஊழியருக்கு நல்லது, நிறுவனம் மூத்த வழக்கறிஞரைக் கூட்டிவந்து மிரட்ட முடியாது. ஆனால் நிறுவனத்தின் சார்பில் வருகிற மனிதவள அதிகாரிக்கு அது அன்றாட வேலை. உங்களுக்கோ வாழ்க்கையிலேயே முதல் தடவை. தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கம் கைகொடுக்கும். இளையர்கள் சங்கத்தில் சேர்வதைப் பற்றி யோசிக்க இதுவும் ஒரு காரணம்.

தொகை விஷயத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 2023 அறிக்கை பரிந்துரைத்த உச்சவரம்பு, வேலைக்கு எடுக்கப்படாதவருக்கு 5,000 வெள்ளி. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு 20,000 வெள்ளி, சங்கத்தின் உதவியோடு வந்தால் 30,000. 5,000 வெள்ளி பெரிய நிறுவனத்துக்கு ஒரு கொண்டாட்ட விருந்தின் செலவு. இரண்டாவது மசோதா வந்தபோது கணக்கே வேறாக இருந்தது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை நடுவர் மன்றமே விசாரிக்கலாம். எல்லாருக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று அர்த்தமில்லை, உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பைப் பொறுத்தது. ஆனாலும் நிறுவனத்தின் இயக்குநர் குழு இதை இனி மனிதவளப் பிரிவின் சின்னத் தலைவலி என்று ஒதுக்கிவைக்க முடியாது.

எப்படி நிரூபிப்பது?

உண்மையைச் சொல்லப்போனால் கஷ்டம்தான். 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்ற இரண்டு வரி மின்னஞ்சலில் காரணம் இருக்காது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யாரை எடுத்தார்கள், அவருடைய தகுதி என்ன, எதுவும் உங்களுக்குத் தெரியாது. எல்லாம் நிறுவனத்தின் கையில். ஆனால் கோரிக்கையோடு போகிறவர் நீங்கள் என்பதால் முதலில் எதையாவது காட்ட வேண்டியவரும் நீங்களே.

பதவி உயர்வு மறுக்கப்பட்டவருக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கையில் மதிப்பீட்டு அறிக்கை இருக்கும், கூட வேலை செய்தவர் யார், அவருக்கு எப்போது உயர்வு கிடைத்தது என்பது தெரியும். கர்ப்பம் என்று சொன்ன மாதத்துக்கு முன்னால் 'மிக நன்று', அடுத்த மாதமே 'மேம்பாடு தேவை' என்று மாறியிருந்தால் அந்தத் தேதிகளே பேசும்.

வாசலில் நிற்பவருக்குத்தான் சிரமம். ஆகவே எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. சர்ச்சை வந்ததும் விளம்பரத்தின் வாசகம் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த பதில்களை அழிக்காதீர்கள். வேலைவாய்ப்பு முகவர்கள் நேரில் பேசத் தயங்குவதையெல்லாம் குறுஞ்செய்தியில் சாதாரணமாக எழுதிவிடுவார்கள். நேர்காணலில் 'எப்போ கல்யாணம்', 'குழந்தை பெத்துக்கிற திட்டம் இருக்கா', 'உங்க மதத்துல இதுக்கெல்லாம் அனுமதி உண்டா' என்று கேட்டால், வெளியே வந்ததும் யார் கேட்டது, என்ன சொல் பயன்படுத்தினார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று போனிலேயே எழுதி வையுங்கள். உங்களுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டால் நேரமும் பதிவாகிவிடும்.

மாண்டரின் நிபந்தனை இருக்கும் வேலைக்கு நீங்கள் உண்மையிலேயே தகுதியானவர் என்றால் விண்ணப்பித்துவிடுங்கள் என்பது என் யோசனை. கூடவே பணிவாக ஒரு கேள்வி: 'இந்த வேலையில் எந்தெந்தப் பணிகளுக்கு மாண்டரின் தேவைப்படும்?' எழுத்தில் கேளுங்கள். நல்ல முதலாளி விளக்கம் சொல்வார், சில நேரம் நிபந்தனையைத் தளர்த்தவும் செய்வார். பதிலே வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும். விண்ணப்பிக்காமல் ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போனால், உங்களை யாரும் மறுக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

சட்டம் நடப்புக்கு வரும்வரை?

இப்போது பாகுபாட்டைச் சந்தித்தாலும் டாஃபெப்பிடம் புகார் கொடுக்கலாம். இணையத்தில் படிவம் இருக்கிறது. இழப்பீடு கிடைக்காது, ஆனால் அவர்கள் நிறுவனத்தை அழைத்து விளக்கம் கேட்பார்கள், அமைச்சும் நடவடிக்கை எடுக்கலாம். பாரபட்சமான விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல நீங்கள் அந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நிறுவனங்களும் இந்த இடைவெளியில் தயாராக வேண்டும். உங்களில் யாராவது சின்னக் குழுவை வழிநடத்தினாலோ, அப்பா அம்மாவின் வியாபாரத்துக்கு ஆள் எடுக்க உதவினாலோ, கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும். 'நம்ம ஆளாப் பாத்து எடு' என்று சொல்லும் முதலாளிகள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள், லிட்டில் இந்தியாவிலும் இருக்கிறார்கள். கல்லாவில் உட்காருபவருக்குத் தமிழ் வேண்டும் என்பதற்கும் பண்டகசாலையில் பெட்டி தூக்குபவருக்குத் தமிழ் வேண்டும் என்பதற்கும் அதே அளவுகோல்தான்.

2027 இறுதிக்குள் பார்க்க வேண்டியவை இரண்டு. எந்த மொழி நிபந்தனை உண்மையான தேவை என்பதற்கு எவ்வளவு விவரமான வழிகாட்டி வெளிவரும் என்பது ஒன்று. விசாரணை மூடிய அறையில் நடப்பதால், முதல் வழக்குகளில் நடுவர் மன்றம் எதை ஏற்றது, எதை நிராகரித்தது என்ற விவரம் பொதுமக்களுக்கு எந்த அளவுக்குத் தெரியவரும் என்பது இன்னொன்று. சிறு நிறுவனங்களுக்கான விலக்கு ஐந்து ஆண்டு கழித்து மறுபரிசீலனைக்கு வரும்போது, இந்த இரண்டும் அப்போது மேசைமீது இருக்கும்.